அரைப்புள்ளியின் அம்மா

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் நலம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும், எழுதிவிட்டேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் பதில் வராது என்று தெரியும். இருந்தாலும் கேட்கிறேன். இருமல் நின்றதா? படுக்கும்போது அந்தத் தெருப்பக்க ஜன்னலைச் சாத்திக்கொள்.

இந்தக் காலத்தில் போய்த் தபாலா என்று உதட்டைப் பிதுக்குவாய். வேறு என்ன செய்வது? போன் செய்தால் நீ எடுப்பதில்லை. செய்தி அனுப்பினால் போய்ச் சேர்ந்ததற்கான அடையாளமே வருவதில்லை. அதோடு, உண்மையைச் சொன்னால், கீபோர்டில் கை வைக்கவே எனக்கு இப்போது பயமாக இருக்கிறது. எதையாவது தட்டினால் அது எங்கே போய் நிற்கும், யார் யார் படிப்பார்கள் என்று சொல்ல முடியவில்லை. காகிதம் என்றால் நீ ஒருத்திதான் படிப்பாய். பிடிக்கவில்லை என்றால் கிழித்துப் போடலாம். அந்த வசதி அங்கே இல்லை.

வீட்டுச் செய்திகள். மாடிப்படி விளக்கு மறுபடியும் எரியவில்லை. கீழ்வீட்டுக்காரர் நாளைக்கு மாற்றுகிறேன் என்கிறார், அவருடைய நாளை என்றைக்கு வருமோ தெரியவில்லை. அப்பா கைப்பிடியைத் தடவித் தடவித்தான் ஏறுகிறார். நம் மருந்துக்கடைக்குத் தினமும் போகிறார். உதவிக்கு இருக்கும் பெண், டாக்டர் எழுதிய சீட்டை வாசிக்க, எந்த அலமாரி, எந்தத் தட்டு என்று இவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே சொல்கிறார். கண் டாக்டர் சொட்டு மருந்தை மாற்றியிருக்கிறார். இருக்கிற பார்வையைக் காப்பாற்றலாம், போனது போனதுதான் என்றார். கொஞ்ச நாளாக அப்பா என்னோடு அதிகம் பேசுவதில்லை. கடையில் வேலை அதிகம் போலிருக்கிறது.

சரி, சுற்றி வளைத்தது போதும். நான் செய்தது தப்புதான். ஆனால் அது எப்படி நடந்தது என்று என் பக்கத்தை நீ கேட்கவே இல்லை. ஒரு தடவை சொல்ல விடு.

அப்பாவின் போனில் நீ போட்டுக் கொடுத்த அந்த வாசிக்கும் மென்பொருளில் ஒரு பிழை இருந்தது. மருந்துப் பெட்டியில் 0.05 என்று இருந்தால் அது "பூஜ்ஜியம் புள்ளி ஐந்து" என்று வாசித்தது. நடுவில் இருக்கும் பூஜ்ஜியத்தை விழுங்கிவிட்டது. அப்பா நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "பத்து மடங்கும்மா! ஒருத்தன் இதை நம்பி மருந்து குடிச்சான்னா என்ன ஆகும்?" என்று உனக்குத்தான் முதலில் போன் செய்தார். அந்த மென்பொருளைத் தனியாக ஒருத்தர் விற்பதில்லை, அதன் கோட், அதாவது உள்வேலை முழுதும், எல்லோருக்கும் திறந்து கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் சரி செய்து அனுப்பலாம், நானே செய்கிறேன் என்று நீ சொன்னாய். ஆபீஸ் வேலை போக மீதி நேரத்தில் உட்கார்ந்து செய்தாய். அனுப்பிவிட்டு, சில நாள் கழித்து எனக்கு அந்தப் பக்கத்தின் சுட்டியை அனுப்பினாய். "அம்மா, என்னோட முதல் பங்களிப்பு, பாரேன்" என்று எழுதியிருந்தாய். அவ்வளவு சந்தோஷமாக நீ எனக்கு எழுதி வெகு நாளாகியிருந்தது.

நான் அதை ஸ்டாஃப் ரூம் கம்ப்யூட்டரில் திறந்தேன். நாலு பேர் பார்க்கட்டும் என்றுதான் அங்கே திறந்தேன். திறந்தால் ஒரே சிவப்பு. நீ எழுதியதில் வரிக்கு வரி சிவப்புப் பட்டை. பக்கத்தில் மணிக்கூண்டு என்று பெயர் வைத்துக்கொண்ட ஒருவர், இந்த வரி எதற்கு, இந்தப் பெயரை மாற்றுங்கள், இதற்குச் சோதனை எங்கே, 10.30 என்று வந்தால் என்ன ஆகும், இரண்டு விஷயத்தை ஒன்றாகக் கலந்துவிட்டீர்கள், பிரித்து அனுப்புங்கள் என்று அடுக்கியிருந்தார். எல்லாவற்றுக்கும் மேலே, மாற்றங்கள் தேவை என்று ஒரு தீர்ப்பு வேறு. மற்ற ஆசிரியர்கள் எல்லோரும் என் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார்கள். என் மகளின் விடைத்தாளை எவனோ அடித்துத் திருத்தி நடுத்தெருவில் தொங்கவிட்டுவிட்டான் என்று எனக்குக் காது அடைத்துவிட்டது.

அங்கே புதுக் கணக்கு தொடங்க ஒரு பொத்தான் இருந்தது. தொடங்கினேன். உன் பெயர், நீ படித்த கல்லூரி, பள்ளியில் கணக்கில் நீ வாங்கிய நூறு, நான் கணக்கு நடத்தும் பள்ளி எல்லாவற்றையும் எழுதி, இவ்வளவு கேட்கிற நீங்கள் யார், என்ன படித்தவர் என்று கேட்டேன். கடைசி வரி கொஞ்சம் காரமாகிவிட்டது. அதை இங்கே திரும்ப எழுதவில்லை.

அங்கே நீ அரைப்புள்ளி என்ற பெயரில்தான் உலவுகிறாய், உன் சொந்தப் பெயர் அங்கே ஒருவருக்கும் தெரியாது என்பது எனக்கு எப்படித் தெரியும்? அரைப்புள்ளி என்று போட்டிருந்ததை அவர்கள் உனக்குக் கொடுத்த மதிப்பெண் என்று நான் நினைத்தேன். அதற்கும் சேர்த்துத்தான் கோபம்.

அப்புறம் நடந்தது உனக்கே தெரியும். கோட் அனுப்பும்போது அம்மாவிடம் கையெழுத்து வாங்கி வர வேண்டுமா என்று ஒருத்தன் கேட்டான். அதன் கீழே வரிசையாகச் சிரிக்கும் முகங்கள். பக்கத்தைப் பூட்டினார்கள். திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிய உன் கோரிக்கையையே நீ மூடிவிட்டாய். அன்றைக்குப் பேசியதுதான் கடைசி. "ஏம்மா இப்படிப் பண்ண?" என்று மட்டும் கேட்டாய். அழுகிறாயா என்று நான் கேட்டேன், நீ வைத்துவிட்டாய்.

தப்புதான் என்று முதலிலேயே எழுதிவிட்டேன். ஆனால் அந்த மணிக்கூண்டும் கொஞ்சம் பார்த்துப் பேசியிருக்கலாம். பெற்றவள் ஒருத்தி பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாளா? நீயும் அம்மாவை இப்படித் தண்டிக்க வேண்டாம். போனை எடு, கண்ணு.

இப்படிக்கு,
கோபம் தணிந்த
அம்மா

---

அன்பு மகளுக்கு,

முன்னால் ஒரு கடிதம் அனுப்பியிருந்தேன். இன்னும் பிரிக்கவில்லை என்றால் பிரிக்காதே. மன்னிப்பு என்று பெயர் வைத்து அதில் முழுக்க முழுக்க என் வக்காலத்தைத்தான் எழுதியிருக்கிறேன். அதை எழுதியவளை நினைத்தால் எனக்கே எரிச்சலாக இருக்கிறது.

எங்கள் பள்ளியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் கம்ப்யூட்டர் டீச்சரைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன் அல்லவா? எப்போதும் காதில் எதையாவது மாட்டிக்கொண்டு திரிகிறாள் என்று நான் குறை சொல்வேனே, அவள்தான். ஸ்டாஃப் ரூமில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, அந்தப் பக்கத்தை மறுபடி திறந்து காட்டி, என் மகள் செய்ததில் அப்படி என்னதான் தப்பு, நீயே சொல் என்றேன். அவள் பார்த்துவிட்டு, தப்பு எங்கே இருக்கிறது என்று என்னையே திருப்பிக் கேட்டாள். இத்தனை சிவப்பு இருக்கிறதே என்றேன். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டது எனக்குத் தெரிந்தது. "மிஸ், சிவப்பு உங்க பொண்ணு எடுத்துட்ட பழைய வரி. பச்சை அவங்க புதுசா சேர்த்தது. யாரும் யாரையும் அடிக்கல மிஸ். எல்லாருக்கும் இப்படித்தான் காட்டும்" என்றாள்.

நான் பச்சையைப் பார்க்கவே இல்லை. இத்தனை வருடம் பிள்ளைகளின் தாளில் சிவப்பைத் தேடியே பழகிய கண், வேறு எதைப் பார்க்கும்? நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மணி அடித்தும் உடனே வகுப்புக்குப் போகவில்லை. நான் வகுப்புக்குத் தாமதமாகப் போனதை என் பிள்ளைகள் ஆச்சரியமாகப் பார்த்தார்கள்.

அவள் இன்னொன்றையும் காட்டினாள். அந்தத் திட்டத்தின் முகப்பிலேயே, பங்களிக்க வருகிறவர்கள் முதலில் இதைப் படிக்கவும் என்று ஒரு பக்கம் இருக்கிறது. நல்ல தமிழில், பொறுமையாக எழுதியிருக்கிறார்கள். ஒரு பிழையைக் கண்டால் முதலில் சொல்லுங்கள், வேறு யாராவது ஏற்கெனவே அதைச் செய்துகொண்டிருக்கலாம். முழுவதையும் உங்களுக்கென்று ஒரு நகல் எடுத்துக்கொண்டு அதில் மாற்றிப் பாருங்கள், மூலத்துக்கு ஒன்றும் ஆகாது. ஒரு கோரிக்கையில் ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். என்ன செய்தீர்கள் என்பதைவிட ஏன் செய்தீர்கள் என்று எழுதுங்கள். அது சரியாக வேலை செய்கிறது என்று காட்டும் சோதனைகளையும் சேருங்கள். அதன் பிறகு கேள்விகள் வரும். கேள்வி வந்தால் உங்கள் வேலையை ஒருவர் நேரம் ஒதுக்கிப் படித்திருக்கிறார் என்று பொருள். கடைசியில் ஒரு வரி: இங்கே நாம் கோட் பற்றித்தான் பேசுகிறோம், ஆளைப் பற்றிப் பேசுவதில்லை.

கேள்வித்தாளின் மேலே இருக்கும் குறிப்பைப் படிக்காமல் எழுதத் தொடங்கும் பிள்ளைகளை நான் என்ன பாடு படுத்துவேன் என்று உனக்குத் தெரியாதா? நீயே எழுந்து நின்றிருக்கிறாய். அந்தப் பக்கத்தை வாசித்து முடித்தபோது, எனக்கு எழுந்து நிற்க வேண்டும் போலிருந்தது.

அங்கேயாவது நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. மன்னிப்புக் கேட்டே தீர வேண்டும் என்று ஒரு வேகம். என் பழைய கணக்கை அவர்கள் தடுத்து வைத்திருந்தார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? வேறு பெயரில் இன்னொரு கணக்கு தொடங்கி, பூட்டிய பக்கத்தில் எழுத முடியாததால், சம்பந்தமே இல்லாத வேறு யாரோ ஒருத்தருடைய கோரிக்கையின் கீழே போய் நீளமாக மன்னிப்புக் கேட்டேன். அந்தக் கணக்கையும் தடுத்துவிட்டார்கள். தடை செய்யப்பட்ட நபர் மாற்றுப் பெயரில் மீண்டும் வந்துள்ளார் என்று கீழே குறிப்பு போட்டிருக்கிறார்கள். பிட் அடித்துப் பிடிபட்டவனைப் போல ஸ்டாஃப் ரூமில் விழித்துக்கொண்டு நின்றேன். கம்ப்யூட்டர் டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டாள். "மிஸ், ப்ளீஸ், இனிமே என்னைக் கேட்காம எதையும் தொடாதீங்க" என்றாள். அவள் வயதுக்கு என்னை அப்படிச் சொல்லலாமா என்று எனக்குக் கோபம் வரவில்லை. அதிலிருந்தே நிலைமையைப் புரிந்துகொள்.

குறை சொல்வதற்கென்று அந்த விதிமுறைப் பக்கத்தின் அடியில் ஒரு மின்னஞ்சல் முகவரி இருந்தது. அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதற்கு நாலே வரி எழுதினேன். மணிக்கூண்டிடமிருந்து பதில் வந்தது. நீ அவரை அறிவாய், நான்தான் அறியவில்லை. முக்கியமானதை அப்படியே எழுதுகிறேன்.

"உங்கள் கடிதம் கிடைத்தது. எனக்குக் கோபம் வந்தது உண்மை, அதை மறைக்கப் போவதில்லை. எனக்குப் பிறவியிலிருந்து பார்வை கிடையாது. இந்த மென்பொருளைக் கொண்டுதான் நான் எல்லாவற்றையும் வாசிக்கிறேன், உங்கள் கருத்தையும் அப்படித்தான் கேட்டேன். அரைப்புள்ளியின் கோட் முழுவதையும் காதால்தான் படித்தேன். அவர் வைத்த இரண்டு பெயர்களுக்கு ஓர் எழுத்துதான் வித்தியாசம், வேகமாகக் கேட்டால் ஒன்று போலவே இருக்கும், அதனால்தான் மாற்றச் சொன்னேன். ஒன்றுக்கும் உதவாத கோட் வந்தால் நான் கேள்வி கேட்பதில்லை, நன்றி சொல்லி மூடிவிடுவேன். அவருடையது நல்ல கோட், அதனால்தான் அவ்வளவு கேட்டேன்."

கண்ணு, என் கடைசி வரியை முதல் கடிதத்தில் மறைத்தேன் அல்லவா? உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் என் கையால் எழுதுகிறேன். "என் மகள் இவ்வளவு அழகாகச் செய்திருப்பது தெரியவில்லையா, நீங்கள் எல்லோருமே குருடர்களா?" இதைத்தான் நான் எழுதினேன். பார்வையில்லாதவர்கள் தங்களுக்காகத் தாங்களே செய்துகொண்ட ஒரு பொருளின் வாசலில் போய் நின்று இதைக் கேட்டேன். அந்த மனிதருக்குச் சம்பளமும் இல்லை. பகலெல்லாம் வேறு எங்கோ வேலை பார்த்துவிட்டு, உன்னைப் போலவே மீதி நேரத்தில் இதைச் செய்கிறார்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே, "தெரியும்" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நீ சுட்டியை அவருக்கும் அனுப்பியிருந்தாய், அது எனக்குத் தெரியாது. மகளின் பக்கத்தில் புதிதாக என்ன வந்திருக்கிறது என்று கடையில் சும்மா இருக்கும்போதெல்லாம் போட்டுக் கேட்பாராம். அன்றைக்கும் கேட்டிருக்கிறார். என் பெயரையும், என் பள்ளியையும், நான் எழுதிய ஒவ்வொரு வரியையும் அந்தக் குரல் அவருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறது. உதவிக்கு இருக்கும் பெண்ணும் பக்கத்தில்தான் இருந்திருக்கிறாள்.

ஏன் என்னைத் திட்டவில்லை என்று கேட்டேன். "நீ நேர்ல கத்தியிருந்தா, எப்பவும் கத்துறதுதானேன்னு விட்டிருப்பேன். அது கோபமே இல்லாம வாசிச்சது. குருடர்களான்னு நிதானமா கேட்டுச்சு. என்னைக் கேட்ட மாதிரி இருந்துச்சு" என்றார். நான் தட்டில் சோற்றைப் போட்டு அவர் கையில் கொடுத்தேன், எது எங்கே இருக்கிறது என்று சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை.

அவரோடு இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியும், எனக்குக் கோபம் வந்தால் வாயில் முதலில் வரும் வார்த்தை அதுதான் என்று இப்போதுதான் தெரிந்துகொண்டேன். வெட்கமாக இருக்கிறது என்று எழுதினால் அது ரொம்பச் சின்ன வார்த்தை. பள்ளியில் பிள்ளைகளை நிமிர்ந்து பார்க்கவே கூசுகிறது.

உனக்கு உடம்பு எப்படி இருக்கிறது? இருமலுக்கு அப்பா ஒரு மருந்தின் பெயரைச் சொன்னார், பின்பக்கம் எழுதியிருக்கிறேன். சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்துக்கொள்.

தலை நிமிர முடியாத
அம்மா

---

என் செல்ல மகளுக்கு,

இதற்கும் பதில் எதிர்பார்த்து எழுதவில்லை. ஒரு செய்தி இருக்கிறது, அதை உன்னிடம் சேர்க்க வேண்டும்.

மணிக்கூண்டு மறுபடி எழுதினார். உன் பக்கத்தின் பூட்டைத் திறந்துவிட்டாராம். அந்தக் கையெழுத்துக் கிண்டலை நீக்கி, அதை எழுதியவனையும் கண்டித்திருக்கிறார். உன் பெயரும் கல்லூரியும் இருந்த என் கருத்தை அடியோடு எடுத்துவிட்டார். அடுத்த மாதம் மென்பொருளின் புதுப் பதிப்பு வெளியாகிறது. இந்தப் பூஜ்ஜியப் பிழையைச் சரி செய்யாமல் அதை வெளியிட அவருக்கு மனமில்லை. வேறொருவர், அரைப்புள்ளி பாதியில் விட்டதை நான் முடித்துத் தருகிறேன் என்று முன்வந்திருக்கிறாராம். இவர், கொஞ்சம் பொறுங்கள், தொடங்கியவர் வரட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறார். ரொம்ப நாள் பொறுக்க முடியாது என்றும் எழுதியிருக்கிறார். அது நியாயம்தான். தப்பான அளவைக் கேட்டு மருந்து குடிக்கப்போகிறவர்கள் நம் வீட்டுச் சண்டை முடியும்வரை காத்திருக்க மாட்டார்கள்.

அப்பாவுக்கு இதைச் சொன்னதும் முகம் கொஞ்சம் தெளிந்தது. என்னோடு பேசுகிறார் இப்போது, பழையபடி இல்லை என்றாலும் பேசுகிறார். சோதனைகள் எங்கே என்று மணிக்கூண்டு உன்னிடம் கேட்டிருந்தார் அல்லவா, எந்த எண் வந்தால் எப்படி வாசிக்க வேண்டும் என்று ஒரு பட்டியல்? ஞாயிற்றுக்கிழமை கடையைச் சாத்திவிட்டு இருவரும் உட்கார்ந்து அதைப் போட்டோம். எந்தெந்த மருந்தில் எப்படியெப்படி எண் வரும் என்று அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். புள்ளிக்குப் பின்னால் இரண்டு பூஜ்ஜியம் வருவது, முன்னால் ஒன்றுமே இல்லாமல் வெறும் புள்ளியில் தொடங்குவது, கடைசியில் பூஜ்ஜியம் நிற்பது எல்லாம் இருக்கிறது. நடுவில் ஓர் இடத்தில் என் கணக்கைத் திருத்தினார். "கணக்கு டீச்சர், பார்த்து" என்றார். வெகு நாள் கழித்து என்னைக் கிண்டல் செய்தார்.

அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன். கம்ப்யூட்டர் டீச்சர் அதை எப்படிச் சேர்ப்பது என்று உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாள். நகல் எடுத்து, சோதனைக் கோப்பில் ஒவ்வொன்றாகத் தட்டி, ஓட்டிப் பார்த்து, ஏன் என்று விளக்கம் எழுதி எல்லாம் செய்தேன். உன் திருத்தம் இல்லாததால் பாதிக்கு மேல் தோற்றுப்போனது. பிழை இன்னும் இருக்கிறதே, இப்போது தோற்றால்தான் சரியான சோதனை மிஸ் என்றாள். என் கணக்குகள் தடுக்கப்பட்டிருப்பதால் தன் கணக்கிலிருந்து அனுப்புகிறேன் என்றாள். ஒரே ஒரு பொத்தான்தான் பாக்கி. அவள் அதை அழுத்தப் போனபோது நான் வேண்டாம் என்றேன்.

உதவிதானே, இதில் என்ன தப்பு என்று அவள் கேட்டாள். அவளுக்கு எப்படிச் சொல்வது? அது நீ உண்டாக்கிக்கொண்ட இடம். அங்கே உன்னைக் கேட்காமல் ஒரு தடவை நுழைந்தேன். இந்தத் தடவை கையில் நல்ல பொருள் இருக்கிறது என்பதற்காகக் கேட்காமல் நுழைந்தால் அதுவும் நுழைவதுதான். பட்டியலை இதனுடன் வைத்திருக்கிறேன். தேவைப்பட்டால் எடுத்துக்கொள். அப்பா சொன்னார் என்று வைத்துக்கொள், என் பெயர் எங்கேயும் வர வேண்டாம்.

இதோடு முடித்திருப்பேன். ஆனால் அன்றைக்கு உன் பக்கத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரைக்கும் முழுதாகப் படித்தேன். முதல் தடவை நான் மணிக்கூண்டின் கேள்விகளை மட்டும்தான் படித்தேன். அவற்றுக்குக் கீழே நீ எழுதிய பதில்களைப் படிக்கவே இல்லை.

இந்த வரி எதற்கு என்று அவர் கேட்டதற்கு, "ஐயோ, எதுக்குன்னு எனக்கே தெரியல, எடுத்துடறேன்" என்று எழுதிச் சிரித்திருக்கிறாய். இரண்டு விஷயம் கலந்துவிட்டது என்றதற்கு, பிரித்துப் பார்த்தேன், இப்போதுதான் எனக்கே புரிகிறது என்று எழுதியிருக்கிறாய். 10.30 என்பது நேரமா எண்ணா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று அவர் கேட்டிருக்கிறார். "நல்ல கேள்வி! தெரியல. யோசிச்சுட்டு வரேன்" என்று நீ எழுதியிருக்கிறாய். அதுதான் உன் கடைசி வரி. அதற்கு அடுத்து நான்தான் வந்தேன்.

அந்த "தெரியல"வை நான் எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. என் வீட்டில் நீ வளர்ந்த இத்தனை வருடத்தில் என்னிடம் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. தெரியாவிட்டால் தலையைக் குனிந்துகொண்டு நிற்பாய், இல்லையென்றால் தெரியும் என்று பொய் சொல்வாய். நூற்றுக்கு நூறு வாங்கிக்கொண்டு வந்த அன்றைக்கும் உன் முகத்திலிருந்து பயம்தான் போயிருந்தது, சந்தோஷம் வந்திருக்கவில்லை. முகம் தெரியாத ஒருத்தரிடம், அவர் கேட்கக் கேட்க, நீ தெரியாது தெரியாது என்று சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறாய். உன்னை யாரோ அவமானப்படுத்துகிறார்கள் என்று நான் ஓடி வந்தேன். அங்கே நீ நிம்மதியாக இருந்தாய். அதைத்தான் நான் கெடுத்திருக்கிறேன்.

மன்னித்துவிடு என்று எழுதக் கை வருகிறது, ஆனால் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் நீ ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கும். உனக்கு இப்போது வேறு பதில் எழுத வேண்டிய வேலை இருக்கிறது. 10.30 நேரமா, எண்ணா? எனக்கு ஒரு யோசனை தோன்றியது, சொல்ல மாட்டேன். நீயே யோசி. தப்பாக இருந்தால் மணிக்கூண்டு கேட்பார், நீ மறுபடி யோசிப்பாய்.

எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருப்பாய், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என்னோடு பேசாவிட்டால் போகிறது, கண்ணு. அவரோடு பேசு.

அம்மா